வண்டியில் ஆள் இல்லாத நேரம்

எனக்கு யாரையும் சட்டென்று பெரிய ஆள் என்று ஒப்புக்கொள்ளும் சுபாவம் கிடையாது. கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் பதினோரு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் நான். ஊரில் பெரிய மனிதர்கள் என்று பேர் வாங்கியவர்களின் பேச்செல்லாம் என் காது வழியாகத்தான் போய்வந்தது. மேடையில் உருகிப் பேசுகிறவர் வீட்டுக்காரம்மாவிடம் எப்படிச் சள்ளென்று விழுவார் என்பது எனக்குத் தெரியும். அதனால் யாரைப் பார்த்தும் எனக்குப் பிரமிப்பு வந்ததில்லை. ஒரே ஒருவர் விலக்கு. அவர் எங்கள் மில்லின் கார் டிரைவர் கந்தப்பன்.

பெருந்துறைப் பக்கம் மழையை நம்பி விதைக்கிற காட்டுக்காரக் குடும்பத்தில் நாலாவது பையனாகப் பிறந்தவர். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. லாரியில் கிளீனராக ஏறி, குண்டூரிலிருந்து பஞ்சு பேல் ஏற்றிவந்து, அந்த வழியிலேயே ஸ்டியரிங்கும் தெலுங்கும் ஒன்றாகக் கற்றுக்கொண்டார். எங்கள் முதலாளி சென்னகேசவன் வீட்டில் பேசுவது தெலுங்கு. ஒருநாள் மில் வாசலில் லோடு இறக்கவந்த டிரைவர் பையன் முதலாளியின் தாயார் கேட்டதற்குத் தெலுங்கில் பதில் சொல்ல, அந்த அம்மா இவனையே நம் காருக்குப் போடு என்று சொல்லிவிட்டார்களாம். அது எழுபத்திரண்டாம் வருஷம். அன்றிலிருந்து இருபத்தாறு வருஷம் அவர் கையில் இருந்த எந்த வண்டியிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. மில்லில் இதை எல்லோரும் சொல்வார்கள், நான் நம்பவில்லை. இருபத்தாறு வருஷமும் வண்டி ஓட்டினாரா, இல்லை துடைத்துக்கொண்டு மட்டும் இருந்தாரா என்று கேட்டவள் நான்.

ஒருமுறை புது டெலிபோன் போர்டு ஒன்றைப் பார்த்துவர என்னைக் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். அந்த அம்பாசடரில் பின்சீட்டில் உட்கார்ந்து போனபோதுதான் வாயை மூடினேன். நீலாம்பூர் தாண்டி ரோடு வெறிச்சென்று கிடந்தது. அவர் திடீரென்று வேகத்தைக் குறைத்து ஓரமாக உருட்ட ஆரம்பித்தார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நிமிஷம் கழித்து, வளைவுக்கு அப்பாலிருந்து பிரேக் பிடிக்காத டெம்போ ஒன்று ரோடு முழுக்க அலைந்துகொண்டு எங்களைக் கடந்து போனது. எப்படித் தெரிந்தது என்று இறங்கியபின் கேட்டேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் என்று சொன்னார். அந்த டீக்கடையை நானும் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே போண்டா போட்டிருந்தது மட்டும்தான்.

வண்டி ஓடும்போது அவரிடம் யாரும் பேசக்கூடாது. இது அவர் போட்ட சட்டமும் இல்லை, வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. பேச்சுக் கொடுத்தால் பதில் வராது, அவ்வளவுதான். முதலாளியே அந்தக் காரில் ஏறினால் பேப்பரை விரித்துவிடுவார். முதலாளியை வாய்மூட வைத்த ஒரே ஆள் என்று நாங்கள் கேலி செய்வோம்.

கீழே இறங்கிவிட்டால் அவர் வேறு ஆள். கொங்குநாட்டு மரியாதையையெல்லாம் மொத்தக் குத்தகைக்கு எடுத்த மாதிரி நடந்துகொள்வார். முதலாளியிடமிருந்து செக்யூரிட்டி ரூமுக்குப் போன் வந்தால், ரிசீவரைத் தொடுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றுவார். தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கும். முதுகு நிமிர்ந்து நின்று, "கும்புடறனுங்க" என்று சொல்லும்போது இடது கை நெஞ்சுக்குப் போகும். முடிக்கும்போதும் ஒரு கும்பிடு. நடுவில் முதலாளி பேச்சை வெட்டி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். முதலாளி வைக்காமல் இவர் வைக்கமாட்டார். முதலாளியும் அதே கொங்குநாட்டில் வளர்ந்தவர் ஆயிற்றே. ஆகட்டும், சரி, அப்புறம், வைக்கட்டுமா என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றி விடைகொடுத்துக்கொண்டே இருப்பார்கள். போர்டில் என் லைன் அடைபட்டுக் கிடக்கும். செருப்பைக் கழற்றுவது முதலாளிக்குத் தெரியவா போகிறது என்று ஒருநாள் கேட்டேன். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே என்றார். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

தொண்ணூற்றெட்டில் செல்போன் வந்தது. முதலாளி இரண்டு வாங்கினார். ஒன்று அவர் சட்டைப்பைக்கு, இன்னொன்று காருக்கு. காருக்குப் பேசுவதென்றால் மட்டும் பழையபடி என் போர்டு வழியாகத்தான் பேசுவார். கார் எங்கே வருகிறது என்று கேட்டால் தெரியவேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. தலையில் குச்சி முளைத்த சோப்பு டப்பா அளவில் இருந்தது. மில்லில் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தோம். ஒயர் இல்லாமல் அவிநாசி ரோட்டில் போய்க்கொண்டிருக்கிற ஆளிடம் இங்கிருந்து பேச முடிகிறது என்பது எனக்கே, பதினோரு வருஷம் ஒயரோடு குடித்தனம் நடத்திய எனக்கே, நம்ப முடியாமல் இருந்தது. கந்தப்பன் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, டேஷ்போர்டில் சாமி படத்துக்குக் கீழே ஒரு துணியை மடித்துப்போட்டு உட்காரவைத்தார்.

முதல் வாரம் மணி அடித்தால் வண்டியை ஓரங்கட்டி, நிறுத்தி, கீழே இறங்கி நின்று எடுத்தார். அதற்குள் மணி நின்றுவிடும். முதலாளி மறுபடி போடச் சொல்வார். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனபின், போனை எடுக்க இத்தனை நேரமாப்பா என்று முதலாளி கேட்டுவிட்டார். கோபமாகக் கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். கந்தப்பனுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. முதலாளியைக் காக்கவைப்பதா? அடுத்த நாளிலிருந்து முதல் மணியிலேயே எடுத்தார்.

எடுக்கிறவர் வண்டியை நிறுத்தவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவர் "கும்புடறனுங்க" என்று சொல்லும்போது பின்னாலேயே லாரி ஹாரன் கேட்கும், பஸ் உறுமும், காற்று அடிக்கும். வண்டி ஓடும்போது வாயே திறக்காத மனிதர் இப்போது பேசிக்கொண்டே ஓட்டுகிறார் என்பதை இந்த உலகத்தில் என் காது மட்டும்தான் அறிந்திருந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு அந்த இடது கை நெஞ்சுக்குப் போகிறதா என்று ஒருநாள் கேட்டுவிட நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் கேலியாகத்தான் கேட்டிருப்பேன்.

ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரை மணி. நூல் வாங்கவந்த ஒருவரைப் பெருந்துறையில் விட்டுவிட்டு கந்தப்பன் வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். முதலாளி வீட்டிலிருந்து போர்டுக்குப் பேசினார். அவருடைய மாருதி பஞ்சராகிவிட்டது, ஜாக்கி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, கந்தப்பனைப் பிடி என்றார். பிடித்துக் கொடுத்தேன். லைன் சரியாக விழுந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆபரேட்டர் விலகிவிட வேண்டும். நான் விலகமாட்டேன். அது என் கெட்ட பழக்கம்.

கும்பிடு முடிந்தது. ஷெட்டில் ஜாக்கியை எங்கே வைத்தாய் என்று முதலாளி கேட்டார். உள்ளே போனால் வலது கைப்பக்கம் அலமாரி என்று கந்தப்பன் நிதானமாக ஆரம்பித்தார். எந்தத் தட்டு என்றார் முதலாளி.

"ரெண்டாவது தட்டுலீங்க. கிரீஸ் டப்பா இருக்குமுங்க, அதுக்குப் பக்கத்துல..."

அதற்குமேல் வார்த்தை இல்லை. ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் என்று சொல்லமுடியாது, அரிசி மூட்டையைத் தோளிலிருந்து திண்டில் இறக்குவார்களே, அந்தச் சத்தம். அப்புறம் டயர் தேய்ந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. "கிரீஸ் டப்பாவுக்கு எந்தப் பக்கம்ப்பா?" என்று முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கேட்டார். பிறகு லைன் போய்விட்டதம்மா என்று என்னிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். லைன் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

அடிபட்டவர் பெயர் குழந்தையம்மாள். நாற்பது வயதிருக்கும். விசைத்தறி குடோனில் தார்க் குச்சியில் நூல் சுற்றுகிற வேலை. குடியிருந்தது ரோட்டுக்கு வடக்கே ஒரு சந்தில், பள்ளிக்கூடம் ரோட்டுக்குத் தெற்கே. அவிநாசி ரோட்டில் வண்டி ஓடுகிற ஓட்டத்துக்குச் சின்னப் பிள்ளைகளைத் தனியாகத் தாண்டவிட எந்தத் தாய்க்கும் மனசு வராது. அந்தச் சந்துப் பெண்களில் பாதிப் பேர் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள். குழந்தையம்மாளுக்குச் சொந்தத்தில் பிள்ளை இல்லை. அவர்தான் தினமும் எட்டொன்பது பிள்ளைகளைக் கைகோத்து நிறுத்தி, ரோடு தாண்டிவிட்டு, பள்ளி வாசல்வரை கொண்டுபோய் விடுவார். ஆறு வருஷமாக. யாரும் கேட்டுக்கொண்டு செய்ததில்லை, கூலியும் இல்லை. அக்கா இருந்தால் பயமில்லை என்பது அந்தச் சந்தில் அவருக்கு இருந்த மதிப்பு. அன்றைக்கும் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் முந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத எனக்குத் தெம்பில்லை.

கந்தப்பனே அவரைத் தூக்கிக் காரில் போட்டுக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தொடை எலும்பு முறிந்திருந்தது, இடுப்பிலும் அடி. தலையில் பட்டதில் அன்று காலை நடந்த எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிட்டது வரை இருந்தது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டில்.

பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் ஊர் முடிவு கட்டிவிட்டது. இருபத்தாறு வருஷம் கீறல் விழாத டிரைவர் ஒரு பக்கம், நடந்துபோன பெண்பிள்ளை ஒரு பக்கம். யார்மேல் தப்பு இருக்கும்? கண்ணைப் பொடனியில் வைத்துக்கொண்டு குறுக்கே ஓடியிருப்பாள் என்றார்கள். முதலாளி வைத்தியம் முழுக்கத் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். கந்தப்பனைக் கூப்பிட்டு, அந்த அம்மாவே தான்தான் குறுக்கே வந்ததாகச் சொல்கிறார்களாம், நீயும் அப்படியே சொல்லிவிடு, மற்றதை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். டிரைவருக்கு லைசென்ஸ் போனால் என்ன மிஞ்சும்? ஐம்பதை நெருங்குகிற ஆளுக்கு வேறு கைத்தொழிலும் தெரியாது.

மில் சார்பாகப் பழம் வாங்கிக்கொண்டு நானும் கந்தப்பனுடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்த நிலையிலும் குழந்தையம்மாள் எங்களைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். கைகூப்பினார்.

"ஏனுங்ணா, என்னால உங்குளுக்கு எத்தன தொந்தரவு. கண்ணு மண்ணு தெரியாம குறுக்க வந்து உளுந்துட்டனாட்ட இருக்குது. மனசுல வெச்சுக்காதீங்க."

அடிபட்டுக் கிடக்கிறவர் அடித்தவரிடம் மன்னிப்புக் கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கந்தப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கட்டில் பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் மெதுவான குரலில் இன்னொன்றும் சொன்னார். சந்துக்காரர்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய்விட வேறு ஆள் பார்த்துவிட்டார்களாம். இவள் குணமாகி வந்தாலும் இனி இவளோடு அனுப்ப யோசிப்பதாகப் பேச்சாம். ரோடு தாண்டத் தெரியாதவளை நம்பி எப்படி என்று ஒருத்தி கேட்டாளாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் குழந்தையம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கால் வலிக்குக்கூட அந்த முகம் அப்படிச் சுருங்கவில்லை.

திரும்பி வரும்போது நாங்கள் பஸ்ஸில் வந்தோம். கந்தப்பன் அந்த நாலு நாளும் டிரைவர் சீட்டில் உட்காரவில்லை. காரைக் கழுவிக் கழுவித் துடைத்தார். கேன்டீனில் அவர் தட்டு அப்படியே திரும்பியது. நானும் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் ஒட்டுக்கேட்டதையும் சொல்ல வேண்டும். முதலாளி பேச்சை ஒட்டுக்கேட்ட ஆபரேட்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? சொல்லாமல் இருக்க எனக்கு நல்ல காரணம் இருந்தது. நல்ல காரணம் எல்லோரிடமும்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் அவர் போர்டு ரூமுக்கு வந்தார். அதுவரை அந்த வாசற்படியை அவர் மிதித்ததில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றார். அன்றைக்கு லைனில் நீங்களும் இருந்தீர்கள் அல்லவா அம்மணி என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மூச்சுச் சத்தம் கேட்டது, நீங்கள் எப்போதுமே இருப்பீர்கள் என்றார். இத்தனை வருஷம் அது தெரிந்தும் ஒரு வார்த்தை காட்டிக்கொண்டதில்லை அந்த மனிதர். பிறகு நடந்ததைச் சொன்னார்.

"அந்தம்மாவப் பாக்காம இடிச்சுட்டேன்னு நெனைச்சுப்போட்டீங்களா? பாத்தேனுங்க. நல்லாப் பாத்தேன். ரோட்டோரம் நின்னாங்க. அந்தப் பக்கம் பாத்தாங்க, இந்தப் பக்கம் பாத்தாங்க, எம் மூஞ்சியப் பாத்தாங்க. நானும் அவியளப் பாத்தேன். மஞ்சச் சேலை, கையில கருப்புக் குடை. எல்லாம் இப்பச் சொல்றேன். அப்பத் தெரியலீங்க. அப்ப எங்கண்ணு முன்னால எங்க ஷெட்டு அலமாரி நின்னுச்சு. ரெண்டாவது தட்டு, கிரீஸ் டப்பா, ஜாக்கி. அதைத்தான் பாத்துட்டு இருந்தேன். அந்த நேரம் வண்டில ஆளே இல்லைங்க அம்மணி."

பதினோரு வருஷமாகப் பேச்சைக் கேட்டே பிழைக்கிறவள் நான். போனில் பேசுகிறவர்களைப் பார்த்தும் இருக்கிறேன். எதிரே போட்டோ மாட்டியிருக்கும், அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள். வைத்தபின் அங்கே என்ன படம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆள் இங்கே நிற்கும், மனசு ஒயர் வழியே போய் அடுத்த ஊரில் உட்கார்ந்திருக்கும். கண் திறந்திருப்பதும் காண்பதும் வேறு வேறு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எட்டாவது படித்த ஒருவர், தன்னைத்தானே கூண்டில் ஏற்றி விசாரித்து, ஐந்து நாளில் அதைக் கண்டுபிடித்துவிட்டார். எவ்வளவு கெட்டிக்காரரானாலும், எவ்வளவு பழகிய கையானாலும் அந்த நேரம் வண்டியில் ஆள் இல்லை. இதை நினைக்க இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டேன். அந்த அம்மாவே தன் தப்பு என்கிறார், வைத்தியமும் குறைவில்லாமல் நடக்கிறது, உங்கள் பிழைப்பை ஏன் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்றெல்லாம் பேசினேன். என் பிழைப்பையும் சேர்த்துத்தான் பேசினேன் என்பதை மறைக்கவில்லை.

"அவியளுக்கு ஞாபகம் இல்ல. பாத்தவிய வேற யாரும் இல்ல. நானும் சொல்லலீன்னா, அவிய நின்னு பாத்தது இல்லாமயே போயிருமுங்க" என்றார்.

அன்று மதியமே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். வேகமாக வந்தாயா? இல்லை. குடித்திருந்தாயா? பழக்கமே இல்லை. பிரேக் பிடிக்கவில்லையா? நன்றாகப் பிடித்தது. அப்புறம் என்னதான் தப்பு, போன் பேசினால் கண் அவிந்தா போகும் என்று கேட்டாராம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் அதை ஒரு தப்பாக நினைக்கவில்லை. காரில் போன் வைத்திருப்பது பெருமை. கந்தப்பன் விடவில்லை. நான் சொல்கிறபடி எழுதுங்கள் என்று நின்று, எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, "நின்று பார்த்துவிட்டுத்தான் தாண்டினார்" என்ற வரி விட்டுப்போயிருந்ததைச் சேர்க்கவைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பின்னால் கோர்ட்டில் அவர் லைசென்ஸை ஒரு வருஷம் நிறுத்திவைத்தார்கள். அவர் சைக்கிளில் மில்லுக்கு வந்து வாட்ச்மேன் வேலை பார்த்தார்.

ஸ்டேஷனிலிருந்து நேராக முதலாளியிடம் போனார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் ஒரு பைலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முதலாளி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "ஜாக்கி எங்கேன்னுதானே கேட்டேன் கந்தப்பா" என்றார் அவர். கேள்வியாகவும் இல்லை, சமாதானமாகவும் இல்லை. தன் வீட்டு வாசலில் நின்று கேட்ட ஒரு சின்னக் கேள்வி பதினைந்து மைலுக்கு அப்பால் ஒரு பெண்ணின் காலை முறித்துவிட்டது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழுந்து வெளியே வந்து, கார் டேஷ்போர்டிலிருந்து அந்தப் போனைத் தானே எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். சைக்கிளில் வருகிற ஆளாகவேனும் கந்தப்பனை மில்லில் வைத்துக்கொண்டதும் அவர்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு என்னையும் வரச்சொன்னார் கந்தப்பன். சந்துப் பெண்கள் அன்று எல்லோரும் பார்க்க வருவார்கள், அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும், என் வாயால் மட்டும் சொன்னால் இரக்கப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள், அது என்ன சத்தம் என்று புரிந்து கேட்டவர் நீங்கள் ஒருவர்தான் என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வரவில்லை.

கட்டிலைச் சுற்றி ஆறேழு பெண்கள் நின்றிருந்தார்கள். கந்தப்பன் கைகூப்பிக்கொண்டு சுருக்கமாகச் சொன்னார். போன் பேசிக்கொண்டே ஓட்டினேன், அந்த அம்மா நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, முறையாகத்தான் தாண்டினார்கள், தப்பு முழுக்க என்னுடையது, அதை ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி பேசுவதை ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு உண்டு, அன்றும் கேட்டேன், இவர் சொல்வது நிஜம் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

குழந்தையம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முகம் விரிந்தது. அழுதுகொண்டே சிரித்தார். காலை ஒடித்தவன் எதிரே நின்று சொல்வதைக் கேட்டு ஒரு பெண் இப்படிச் சிரிப்பாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

"அப்ப நான் பாத்துத்தான் போயிருக்கேன்" என்றார், சுற்றி நின்ற பெண்களைப் பார்த்து. ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சிரிப்பு மெல்ல அடங்கியது. ஏதோ யோசனை வந்துவிட்டது போலிருந்தது. கந்தப்பன் பக்கம் திரும்பினார்.

"எம் மூஞ்சிய நீங்க பாத்தீங்களாண்ணா, வண்டிலிருந்து?"

"பாத்தேனுங்க. நேருக்கு நேரா."

"பிள்ளைகளுக்கு நான் அதுதாண்ணா சொல்லிக் குடுத்திருக்கேன். ரெண்டு பக்கமும் பாத்தாப் பத்தாது கண்ணுகளா, டிரைவர் மூஞ்சியப் பாருங்க, அவரு உங்களப் பாத்துட்டாருன்னாத் தாண்டுங்கன்னு. ஆறு வருஷமா அதைச் சொல்லித்தான் தாண்டி உட்டுட்டு இருக்கேன்." "நீங்க பாத்துட்டே வந்து இடிச்சிருக்கீங்க. இனி நான் அதுகளுக்கு என்னத்தச் சொல்லி ரோடு தாண்ட உடறதுங்ணா?"